மாரித் மனிசியின்ரை மூண்டாவது மலை

போன கிழமை ஒஸ்லோவிலை, ரொம்சோஸ் பக்கம், டொக்டரிட்டைப் பிறசர் பாக்கப் போனனான். மகளும் கூட வந்தவ. அங்கை சுவரிலை ஒரு படம் கொழுவிக் கிடந்தது. கண்ட உடனை மூக்குக்குள்ளை பெயின்ற் மணம். அந்தப் படம் காஞ்சு எத்தினை வரியம்! பேந்தெங்கை என்ரை பிறசர் இறங்கிறது?

அது மாரித் மனிசி கீறினது. முந்தி நான் ஒரு வயோதிபர் இல்லத்திலை கூட்டித் துடைச்சனான், கேளும். அவ அங்கை இருந்தவ. சாமிச் சனம். கோயில் சாமி இல்லை, வடக்கிலை மான் மேய்ச்ச ஆதிச் சனம். எண்பது கடந்தாப் பிறகுதான் படம் கீறப் பெயின்ற் பிரஸ் பிடிச்சவ. எந்த நாளும் தன்ரை ஊர் நிலத்தைத்தான் கீறுவா. அந்த நிலம் எப்பவோ அணை கட்டித் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு.

"தண்ணியைக் காணேல்லையே?" எண்டு என்ரை உடைஞ்ச நோர்வேப் பாசையிலை கேட்டனான்.

"தண்ணி பிறகு வந்தது. நீ கூட்டிற வேலையைப் பார்."

பேந்து அவவுக்கு மறதி தொடங்கீட்டுது. ஒருநாள் கூப்பிட்டு, படத்திலை கீறின தன்ரை ஊர் மலை மூண்டின்ரை பேரையும் சொல்லித் தந்தா.

"பாடமாக்கி வை. என்ரை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நீ எழுதத் தெரியாதவன், உனக்கு மறக்காது."

பள்ளிக்கூடம் போகாததுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே மரியாதை அதுதான். நிலம் துடைக்கேக்கை அந்தப் பேருகளை முணுமுணுப்பன். கூட வேலை செய்த பெடியள், "அண்ணை தேவாரம் படிக்கிறார்" எண்டு பகிடி பண்ணுவாங்கள்.

பிறகு எனக்கு நாரி பிடிச்சு, இடுப்பை நிமித்தேலாமல் ஒரு மாசம் படுக்கை. திரும்பிப் போக, மனிசி கறுப்புப் பெயின்ற் தோய்ச்ச பிரஸோடை காத்துக்கொண்டு இருக்கிறா. ரெண்டு மலைக்குக் கீழை பேர் எழுதியாச்சு.

"மூண்டாவது?"

வாயைத் திறக்கிறன், வருகுதில்லை. என்ரை மணிக்கட்டைப் பிடிச்சிட்டா.

"சொல்லன்!"

"புளியடிவளவு," எண்டிட்டன்.

அது ஊரிலை எங்கட காணியின்ரை பேர்.

அவ ரெண்டு தரம் சொல்லிப் பாத்தா. முகம் மலர்ந்திட்டுது. "ஓம், அதுதான்," எண்டு ஒவ்வொரு எழுத்தாய் எழுதினா. நான் போய்த் துடைக்கிற துணியைப் பிழிஞ்சுகொண்டே நிண்டனான். அந்தப் பனிக்காலத்திலை அவ செத்துப் போனா.

"அப்பா, இதிலை எங்கட காணிப் பேரெல்லோ எழுதிக் கிடக்கு?" எண்டு சுவரிலை கிடந்த படத்தைப் பாத்துக் கேட்டா மகள்.

"வாசிக்கத் தெரியாதவனைக் கேட்டால்?" எண்டனான். அதுக்கிடையிலை உள்ளை கூப்பிட்டிட்டினம்.

எங்கட காணியிலை இப்ப ஆமிக் காம்ப். அதின்ரை பேர் ஒஸ்லோவிலை சுவரிலை கிடக்கு. முதல் ரெண்டு மலையும் இண்டைக்கும் நாக்கிலை நிக்குது. மூண்டாவதின்ரை பேர் இப்ப ஒருத்தரின்ரை வாயிலையும் இல்லை.