‘ஏ’ என்று தட்டினால் லோடு கிளம்பிவிடும்

இன்று ஆபீஸில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது!

நாமக்கல்லில் முட்டைப் பண்ணை ஒன்றின் ஆபீஸில் வேலை எனக்கு. வண்டி கிளம்பும்போதெல்லாம் வியாபாரிக்கு அதே மெசேஜை முதலிலிருந்து தட்ட வேண்டும். கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

பக்கத்து சீட் கவிதா என் போனை வாங்கி, கீபோர்டு செட்டிங்கில் எதையோ சேர்த்துக் கொடுத்தாள். "இனிமே ‘ஏ’ன்னு மட்டும் அடிங்கக்கா, போதும்."

அடித்தேன்.

"லோடு ஏத்தியாச்சுங்க. வண்டி கெளம்பிருச்சுங்க. எறக்குனதும் உடைசல் எத்தனைன்னு சொல்லுங்க."

மொத்தமும் கீபோர்டுக்கு மேலே வந்து நின்றது! தொட்டு அனுப்ப வேண்டியதுதான். காலை முழுக்கக் கிளம்பிய வண்டிக்கெல்லாம் ‘ஏ’ போட்டே ஓட்டினேன்.

மதியம் மாமியாரைக் கெங்கவல்லியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். குடும்ப குரூப்பில் வீட்டுக்காரர் கேட்டிருந்தார்: "அம்மாவ பஸ் ஏத்தி உட்டாச்சா?"

‘ஏத்தியாச்சு’ என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். ‘ஏ’ வந்ததும் விரல் காலைப் பழக்கத்தில் மேலே தொட்டு அனுப்பியும் விட்டது.

லோடு, வண்டி, உடைசல், எல்லாம் போய்விட்டது. நாத்தனார் சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டினாள்.

சாயங்காலம் மாமியாரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பயந்துகொண்டே கேட்டேன்.

"சாமி, லோடு எறங்கிருச்சு. உடைசல் ஒண்ணுமில்ல. இடுப்புதான் கொஞ்சம் புடிச்சுக்கிச்சு."

ஓர் எழுத்துகூடத் தட்டாமல் ஜெயித்துவிட்டார்!

உங்கள் போனில் எந்த எழுத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது? இங்கே சொல்லுங்கள், குடும்ப குரூப்பில் வேண்டாம்.