கமா அக்காவின் கம்பெனி

எங்கள் அகராதி அலுவலகத்தில் கமா அக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவர் வேலைதான். கையெழுத்துப் பிரதியை அவர் உரக்கப் படிப்பார். எதிரே உட்கார்ந்து அவர் தோழி, நாங்கள் கண்ணாடிக்காரி என்று சொல்பவர், அச்சுப் பிரதியைச் சரிபார்ப்பார். கமா, புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரோடு சண்டை போடும்போதும் கமா சொல்கிறார் என்று கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இருவருக்கும் மதியச் சாப்பாடு ஒரே மேசையில். போன மாதம் தட்டச்சுப் பிரிவுக்கு ஒருத்தி வந்தாள். வாய் ஓயாதவள். அவளையும் கண்ணாடிக்காரி மேசைக்குக் கூப்பிட்டார். அவ்வளவுதான், கமா அக்காவுக்கு வயிறு எரிந்தது. புதியவள் சொன்ன ஜோக்குக்குக் கண்ணாடிக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்ததைத் தாங்கவே முடியவில்லை. என் ஜோக்குக்கு என்றைக்காவது இப்படிச் சிரித்திருப்பாளா என்று பொருமினார். மறுநாளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். கேட்டதற்கு "வயித்துல கோளாறு" என்றார். ஒரு வகையில் உண்மைதான்.

நேற்று 'கம்பெனி' என்ற சொல் வந்தது. அக்கா படித்தார்: "பல மொழிகளில் வழங்கும் சொல், கமா, மூலம் லத்தீன், புள்ளி. 'கோம்' என்றால் கூட, கமா, 'பானிஸ்' என்றால் ரொட்டி, புள்ளி." அடுத்து "வணிக நிறுவனம்" என்று தாவினார்.

"நடுவுல ஒரு வரியை முழுங்கிட்டே," என்றார் கண்ணாடிக்காரி.

அக்காவின் முகம் சிவந்தது. "ரொட்டியைச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பதே முதலில் இருந்த பொருள்" என்று ஒரே மூச்சில் கொட்டினார். புள்ளிகூடச் சொல்லவில்லை. பிரதியை மேசைமேல் எறிந்தார்.

"நீ அவகூட சாப்பிடறது எனக்குப் பொறுக்கல. போதுமா?"

"உன் மூஞ்சியே சொல்லுதே. வந்து உக்காரு. எத்தனை பேருன்னு இதுல போடல."

மதியம் அக்கா அந்த மேசைக்குப் போனார். நான் பக்கத்து மேசை. கண்ணாடிக்காரியின் டப்பாவில் ஒரே ஒரு அவித்த முட்டை. அதைக் கரண்டியால் இரண்டாக வெட்டி அக்காவுக்கும் புதியவளுக்கும் வைத்தார்.

கை கழுவும்போது கமா அக்கா என் காதில் கிசுகிசுத்தார். "பாத்தீங்களா? மஞ்சக்கரு முழுக்க அவ பாதியிலதான்."

"யாருக்கு முட்டையே இல்லன்னு பாத்தீங்களா?" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரி தண்ணீர் குடித்துவிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"நான் தின்னுட்டேனே," என்றார் அக்கா.