பக்கத்துப் பாத்தியின் பந்தல்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே பல மாடிக் கார்நிறுத்தம் ஒன்று இருக்கிறது. அதன் மொட்டைமாடியில் குடியிருப்பவர்களுக்கென்று ஒரு தோட்டம். முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்து மண் நிரப்பிய பாத்திகள். குலுக்கலில் பெயர் வந்தால் ஆளுக்கு ஒன்று. என் பெயர் வந்த வாரமே தேக்கா சந்தையில் வேரோடு வல்லாரைக் கட்டு ஒன்று வாங்கி, பாதிப் பாத்தியில் நட்டேன். எனக்கு வல்லாரைத் துவையல் என்றால் உயிர். இந்த ஊர்ப் புல்தரையில்கூடத் தானாக முளைக்கிற கீரைதான் அது. ஒருமுறை வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் பறிக்கலாம். மீதிப் பாதியில் வெண்டை போட்டேன்.

என் பாத்திக்கு மேற்கே, ஒரே ஒரு பலகை தள்ளி, ஓர் அண்ணனின் பாத்தி. துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பயத்தங்காய்க்குப் பந்தல் போட்டிருந்தார், என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு அதன் நிழல் முழுக்க என் பாத்தியில்தான். வல்லாரை மளமளவென்று படர்ந்தது. வெண்டை மட்டும் ஒல்லியாக நெட்டையாக வளர்ந்து, இரண்டு பூ பூத்து நின்றுவிட்டது.

எனக்கு வெண்டை மேல்தான் கண். அவரிடம் நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் பார்க்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடிப் பயத்தங்காயைப் பறித்து என் பையில் போடுகிற மனிதரிடம் உங்கள் பந்தல் இடைஞ்சல் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல், அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனப் பெண்மணிக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். பந்தல் தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறதே, காற்றடித்தால் ஆபத்தில்லையா என்று கேட்டேன். காற்றைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

இரண்டே நாளில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமை காலை நான் மேலே போனபோது அண்ணன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இந்தக் கம்பைப் பிடிம்மா."

பிடித்தேன்.

"யாரோ கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்காங்க லா," என்றார்.

"அப்படியாண்ணே?" என்றேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை நினைத்து நினைத்துக் கூசியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

வெயில் வந்தது. வெண்டை தளதளவென்று தேறியது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் வல்லாரையின் ஓரமெல்லாம் தீய்ந்தது. புதிதாக வந்த இலைகள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி, தடித்து, வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிட்டன. மேல்தளத்துக் காங்கிரீட் சூட்டில் மண் பாளம் பாளமாக வெடித்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். தேங்காய் நார் பரப்பினேன். பச்சை வலை கட்டினேன். ஒரு மழைக்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஒரு நாள் அண்ணன் இல்லாத நேரத்தில் அவர் பாத்தியை எட்டிப் பார்த்தேன். தோள் உயரத்துக்குக் குறைத்துக் கட்டிய பந்தலில் கொடிகள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, நுனியெல்லாம் அசுவினிப் பூச்சி. அந்தக் குவியலை விலக்கினால், அடியில் வல்லாரை. என் வல்லாரைதான். பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியது, கைக்குள் அடங்காத இலைகளாகப் பச்சைப்பசேல் என்று கிடந்தது. விரலை மண்ணில் விட்டேன். ஈரமாக இருந்தது.

அவருடைய கொடி என் கீரைக்குக் குடையாக இருந்திருக்கிறது. என் கீரை அவர் மண்ணைக் காயவிடாமல் பாயாகக் கிடந்திருக்கிறது. நான் அனுப்பிய மெசேஜ் அவர் கொடி, என் கீரை இரண்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்யவே இன்னும் இரண்டு வாரம் ஆனது. வேலைக்குப் போகும் ரயிலில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அசுவினியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணே, உங்க பந்தலைப் பத்தி கம்ப்ளெய்ன்ட் பண்ணது நான்தான்."

கை நின்றது. என்னைப் பார்த்தார். "நீயா?"

"வெண்டைக்கு வெயில் இல்லைன்னு... உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு. தப்புதான்."

அவர் முகம் சிவந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே. இதுக்கு மெசேஜா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை போலிருந்தது. துணியைப் பிழிந்தார், மறுபடி நனைத்தார், மறுபடி பிழிந்தார். பிறகு எதிர் வரிசையில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனப் பெரியவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நான் அந்த அங்கிள்தான்னு நெனச்சிட்டேன். போன வருஷம் குழாய் விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு சின்னப் பேச்சு. ஒரு மாசமா அவர் குட் மார்னிங் சொன்னா நான் தலையைத் திருப்பிக்கிறேன்." துணியைப் பலகைமேல் வைத்தார். "நல்லவேளை, வாயைத் திறந்து எதுவும் கேட்கல. கேட்கணும்னு நேத்துதான் நெனச்சேன்."

அவர் பூச்சியில்லாத காயாகப் பார்த்து ஒரு கட்டுப் பறித்துக்கொண்டு எதிர் வரிசைக்கு நடந்தார். என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பதும், கைநிறைய மிளகாய் பறித்துக் கொடுப்பதும் தெரிந்தது. நான் பலகை விளிம்பில் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தவரிடம் அந்தக் கொடிக் குவியலை விலக்கி வல்லாரையைக் காட்டினேன். "தெரியுமே. மண்ணு தண்ணியே அதிகம் கேட்கல இந்தப் பக்கம். நான் அப்பப்போ கிள்ளி சூப்பில போட்டுக்குவேன், உன்கிட்ட சொல்லல," என்றார். "அது ஒண்ணும் பெரிய தப்பில்லைண்ணே," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினோம். பந்தல் தோள் உயரத்தைத் தாண்டவில்லை; நிமிர்த்தி நிறுத்தாமல் என் வல்லாரைக்கு மேல் கூரைபோலச் சாய்த்துக் கட்டினோம். கொடிக்குப் படர இடம் கிடைத்தது. வெண்டையைப் பிடுங்கிவிட்டு, நிழல் எட்டாத கிழக்குக் கோடியில் புதிதாக விதைத்தேன். பயத்தங்காய் இரண்டு மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும் என்பதால், நிழல் விட்டுப்போகாமலிருக்க அதற்கு முன்னாலேயே பக்கத்தில் பாகல் விதை ஊன்றிவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை நானே அழைத்து வந்தேன். அவர் டேப்பை வைத்து அளந்து, கம்பை ஆட்டிப் பார்த்து, சரி என்றார்.

மூன்றாவது வாரம் புதுத் தளிர் வந்தது. ஐந்தாவது வாரம் துவையலுக்குத் தேறியது. உளுந்தும் புளியும் காய்ந்த மிளகாயும் வைத்து அரைத்து, சோற்றில் பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிட்டேன். அதிகக் கசப்பில்லை. உண்மையைச் சொல்லும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, அண்ணன் வராத நேரம் பார்த்துத்தான் மேலே போய்க்கொண்டிருந்தேன். இப்போது எந்த நேரத்திலும் போகிறேன்.