ஊர் நெட்டின் மேல் விழுந்த பழி

இன்று விருத்தாசலத்தில், செல்வி அக்காவின் பீங்கான் பட்டறையில், சூளையின் வெப்பத்தைக் காட்டும் எங்கள் செயலியை நிறுவப் போனேன். செயலிக்கு வேண்டிய மென்பொருள் துண்டுகளை, அதாவது பேக்கேஜ்களை, சேமித்து வைத்திருக்கும் எங்கள் கம்பெனியின் சொந்த ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஒன்று மட்டும் இறங்கவே இல்லை.

சென்னையிலிருக்கும் எங்கள் சப்போர்ட் ஆளை அழைத்தேன்.

"உங்க ஊரு நெட்டு அப்படி" என்றார்.

மற்ற பேக்கேஜ்கள் எல்லாம் அதே நெட்டில்தான் இறங்கின. பெயருக்கு முன்னால் @ போட்டுக் கம்பெனி பெயரைச் சேர்த்திருந்த அந்த ஒரு பேக்கேஜ் மட்டும்தான் முரண்டு பிடித்தது. அதைச் சொன்னதும், "ஆமாங்க, நம்ம ரெஜிஸ்ட்ரிக்கு அந்த மாதிரிப் பேரெல்லாம் புரியாது" என்றார், வெகு சாதாரணமாக.

"இன்னும் எவ்ளோ நேரம்மா ஆவும்? சூளைய மூட்டணும்" என்றார் அக்கா. கடைசியில் பழைய வெப்ப மீட்டரை நம்பியே மூட்டினார்.

கம்பெனியின் பெயரே கம்பெனிக்குப் புரியவில்லை. உங்கள் ஊர் எதற்கெல்லாம் பழி சுமக்கிறது, சொல்லுங்கள்.