இத்தாலியை ஜெயித்த மேல்நெல்லிப்பட்டு

ஊசி குத்துவது ஒரு நொடி வேலை; குத்திக்கொள்ளக் கையை நீட்ட வைப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. வீடு வீடாகப் போய் "இப்ப வேணாம், அப்புறம் வாங்க" என்று கேட்டே காது தேய்ந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளே, மக்கள்தொகை கணக்கெடுக்கப் போய் நாயிடம் கடி வாங்கிய வாத்தியார்களே, உங்களுக்கெல்லாம் என் கதை சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. கிராம சுகாதார செவிலியர். வீடு சங்கராபுரத்தில், வேலை கல்வராயன் மலையில். கொரோனாவைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிட்டேன். டிவியில் அடியில் ஓடிக்கொண்டே இருந்ததே நாடுவாரிச் சாவுக் கணக்கு, அதைச் சமாளிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒன்பது பேர்

எங்களுக்கு வந்த தடுப்பூசி மருந்து ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு இருக்கும். திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சினால் வீண். டவுனில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேல்நெல்லிப்பட்டுக்கு ஏறி நடந்து பாருங்கள், அப்போது தெரியும். ஒருத்தர் சாமைக் காட்டில் இருப்பார், ஒருத்தர் மரவள்ளிக் காட்டில் இருப்பார், இன்னொருத்தர் ஆடு தேடிப் போயிருப்பார். பத்துப் பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைப்பதற்கு மந்திரம்தான் போட வேண்டும்.

அன்றைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆளாக நான் குறி வைத்தது சின்னப்பொண்ணு அக்காவை. அவருக்கு மூச்சிளைப்பு, கூடவே சர்க்கரை. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி வாசலில் மூச்சுக்குத் தவித்தவர்களைப் பார்த்துவிட்டு மலைக்கு வந்தவள் நான். இந்த ஊரில் வேறு யாருக்குத் தவறினாலும் அக்காவுக்குத் தவறக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறியே இருந்தது. அக்கா எழுந்து வரப் பார்த்தார். அவர் புருஷன் அண்ணாமலை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்ச் சம்பாதித்த காசில் ஊரிலேயே முதலில் டிஷ் வைத்த மனுஷன். நாள் பூராவும் செய்திதான். உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இத்தாலில எத்தினி பேரு செத்தான், பாத்தீங்களா நர்சம்மா? நம்ம ஊர்ல ஒருத்தர் சாவல. சாவறவன வுட்டுட்டு, சாவாதவன தேடிக்கினு மல ஏறி வந்திருக்கீங்களே, இது இன்னா நாயம்?"

டீக்கடையில் உலக நாடுகள்

ஒன்பது பேரும் எழுந்து போய்விட்டார்கள். திறக்காத குப்பியோடு இறங்கி வந்து, பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்தேன். அங்கேயும் உலக நாடுகள்தான். அமெரிக்காக்காரன் ரொட்டி தின்கிறான், அதனால் தெம்பு இல்லை என்றார் ஒருவர். ரசம் தெரியாத நாடு வேறு எப்படி இருக்கும் என்றார் இன்னொருவர். பேசாமல் டீயைக் குடித்துவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லையே.

"ஆயிரம் வீடு இருக்கிற ஊர்ல பத்து சாவு, பத்து வீடு இருக்கிற ஊர்ல ஒரு சாவு. எந்த ஊருக்கு அடி பலம்?" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் விரல் விட்டு யோசித்து, "சின்ன ஊருக்குத்தான்" என்றார்கள். அப்படித்தான் நாட்டையும் பார்க்க வேண்டும் என்றேன். அந்த நாடுகளில் வயசானவர்கள் அதிகம், நம்மிடம் இளவட்டம் அதிகம், இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்றேன். அங்கே செத்தவருக்கும் டெஸ்ட் எடுத்துக் காரணம் எழுதுகிறார்கள், நாம் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லிப் புதைத்துவிட்டு வருகிறோம், அப்புறம் கணக்கு எப்படி ஒத்துப்போகும் என்றேன். கடையே தலையாட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை பேசாமல் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்த டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்:

"அப்போ எண்ணறதுக்கு ஆளு வெச்சாத்தான் சாவு ஜாஸ்தியாவுது. எண்ணாம வுட்டா எல்லாரும் பொழச்சிக்கினோம்னுதானே அர்த்தம்?"

கடைசியாக வரப்போவது எது?

சரி, மலையில்தான் இப்படி, வீட்டிலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் சவரிமுத்து கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்தச் சமயம் பேச்செல்லாம் கொரோனாக் கிருமியின் புது உருமாற்றம் பற்றி. மாதத்துக்கு ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். கரும்பு இறக்கிவிட்டு வரும்போதே அவர் ஒரு புதுப் பெயரோடுதான் வீட்டுக்குள் நுழைவார்.

ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவள் புருஷனுக்கு ஊசி போடவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? கிருமி எவ்வளவு வேஷம் மாற்றினாலும் அதே வம்சம்தான், இப்போது போடுகிற ஊசி ஆளைச் சாகக் கொடுக்காமல் காப்பாற்றும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். அவரும் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போன் வாங்குறப்போ இன்னா பண்றோம் பிலோமி? புதுசு வர்ற வரிக்கும் பொறுத்துக்கினு இருக்கோம்ல? அதுமாரி கடேசியா வர்ற கொரோனா எதுன்னு கேட்டுச் சொல்லு, அதுக்கு ஒரே ஊசியா போட்டுக்கறேன்."

அமெரிக்கா பூரா பிழைத்தாலும்

அவரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்பது குடும்ப ரகசியம். கருவாட்டுக் குழம்பு கொஞ்ச நாள் நின்றுபோனது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மறுபடியும் மலை ஏறினேன். அண்ணாமலை தயாராக இருந்தார். இந்த முறை இங்கிலாந்து. ஊசி போட்டவனுக்கே புது உருமாற்றம் வந்துவிட்டதாம், அப்புறம் எதற்கு ஊசி என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, இங்கிலாந்து ராணிய வுடுங்க. அக்காவுக்கு ஏன் வேணாங்கறீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்று சத்தம் போட்டேன்.

அவர் எழுந்து டிவியை அணைத்தார். அந்த வீட்டில் டிவி அணைந்து நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே அக்கா அடுப்படியில் இருமிக்கொண்டிருந்தார். ஊசி போட்டால் காய்ச்சல் வருமாமே, இளைப்புக்காரி அதைத் தாங்குவாளா என்று அண்ணாமலை மெதுவாகக் கேட்டார். யாரோ ஊசி போட்டு விழுந்துவிட்டதாக ஒரு வீடியோ போனில் வந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லையாம். இத்தனை நாளும் இத்தாலி, அமெரிக்கா என்று அவர் அளந்ததெல்லாம் இந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. காய்ச்சல் வந்தால் ஒரு நாள் இருக்கும், மாத்திரையில் இறங்கிவிடும், இளைப்பு இருப்பவர்களுக்குத்தான் முதலில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த வகையில் எல்லாம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவளுக்கு ஒண்ணுன்னா, அமெரிக்கா பூரா பொழச்சிக்கினாலும் எனக்கு இன்னா நர்சம்மா?"

கீழூர்க்காரன் முந்திவிட்டான்

அந்தப் பயத்துக்கு என் பெட்டியில் மருந்து இல்லை. ஆனால் மனுஷனுக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற வியாதி முற்றிப்போயிருந்தது எனக்குத் தெரியும். அதையே பிடித்தேன். மலைச்சரிவில் கொஞ்சம் கீழே இருக்கிறது கீழ்நெல்லிப்பட்டு. இரண்டு ஊருக்கும் அம்மன் ஒன்று. யார் ஊர்ப் பொங்கல் முதலில் பொங்குவது என்பதில் இருந்து ஓடைத் தண்ணீர் வரைக்கும் இரண்டுக்கும் போட்டி. கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "கீழூர்ல முக்காவாசி பேருக்குப் போட்டாச்சுண்ணே. இந்தப் பக்கத்துலயே அவங்கதான் முதல்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றேன். பொய் இல்லை, நிஜம்தான். அதைச் சொல்கிற நேரம் பார்த்துச் சொன்னேன், அவ்வளவே.

அடுத்த தடவை நான் போனபோது ஊரே பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. அண்ணாமலை போய் ஊர்க்கவுண்டரிடம் பேசியிருக்கிறார். ஊர்த் தலைவரான அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒருத்தரும் காட்டுக்குப் போகக் கூடாது, அதுதான் வழக்கம். அண்ணாமலையே முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு குப்பி முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. அப்போது புதுசாக ஒரு வில்லங்கம் வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகள் ஒரே குப்பியில் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று எழுந்து நின்றன. ஒரே குப்பி மருந்து இரண்டு வீட்டுக்காரன் உடம்பிலும் ஏறினால், ஒரே இலையில் சாப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம், அப்புறம் சண்டையை விட்டுவிட வேண்டுமாம். எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. ஊர்க்கவுண்டர் தீர்ப்புப்படி ஒரு வீட்டுக்கு ஒரு குப்பி, இன்னொரு வீட்டுக்கு இன்னொரு குப்பி என்று பிரித்து, இடையில் மற்றவர்களை நிரப்பினேன். கடைசிக் குப்பிக்கு ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள்.

ஒருத்தர் சேராவிட்டால் ஒன்பது பேரும் சும்மா வீட்டுக்குப் போக வேண்டும், கீழூரை முந்தவும் முடியாது. எல்லோரும் அண்ணாமலையைப் பார்த்தார்கள். ஊசி போடாமல் பாக்கி இருந்தது அவர் வீட்டில்தான். அவருக்கு வேர்த்துவிட்டது. யாரும் வாய் திறக்கும் முன்பே சின்னப்பொண்ணு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். அண்ணாமலை ஓடிவந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். குத்தி எடுத்துப் பஞ்சை வைத்தேன். அக்கா தோளைத் தடவிக்கொண்டு புருஷனைப் பார்த்தார்:

"இவ்ளோதானா? இதுக்காய்யா என்ன வூட்ல ஒக்கார வெச்சிட்டு நாடு நாடா சுத்திக்கினு வந்த?"

மெடல்

காய்ச்சல் வந்தது, நான் சொன்னபடியே போய்விட்டது. இரண்டாவது ஊசிக்கு அண்ணாமலையே அக்காவை முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அப்புறம்தான் நிஜமான பரீட்சை. டிவியில் எல்லோரும் பயந்த அந்தப் புது உருமாற்றம், தை மாதம் எங்கள் மலையும் ஏறிவிட்டது. வீட்டுக்கு வீடு இருமல். விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் கருவியை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். அண்ணாமலை வீட்டுக்குப் போகும்போது மட்டும் கால் வரவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டேதான் உள்ளே போனேன். அக்கா போர்வைக்குள் அனலாகக் கிடந்தார். விரலில் மாட்டினேன். எண் மேலும் கீழும் ஆடி, இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. "ஒண்ணும் பயமில்லண்ணே" என்று சொல்லி, எண்ணை அண்ணாமலையிடம் திருப்பிக் காட்டினேன். அடுத்து வந்த நாட்களிலும் போனேன், ஒரு நாளும் எண் இறங்கவே இல்லை. அப்புறம் ஒரு காலை, வாசலிலேயே மொச்சைக் குழம்பு வாசம் வந்தது. அடுப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அங்கேயே நின்று அழுதேன், வெட்கமே படவில்லை.

மேல்நெல்லிப்பட்டில் ஒருத்தரும் சாகவில்லை. கீழூரிலும் சாகவில்லை என்பதால் அந்தப் போட்டி மட்டும் டிரா. அண்ணாமலைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மற்றபடி அவரைப் பிடிக்க முடியவில்லை. பலா மரத்தடியில் நின்றுகொண்டு, இத்தாலி, அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாவற்றையும் நம்ம ஊர் கெலித்துவிட்டது என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார். பத்து வீடு, ஆயிரம் வீடு என்று நான் டீக்கடையில் சொன்ன கணக்கை எல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லித் திருத்த எனக்கு மனசு வரவில்லை. அவர் பக்கத்தில் நின்று நானும் கை தட்டினேன். ஊருக்கு ஒரு மெடல் கேட்டு மறுநாளே கலெக்டர் ஆபீசுக்குப் போகப் போவதாக அவர் சொன்னதும், சின்னப்பொண்ணு அக்கா கரண்டியோடு மரத்தடிக்கே வந்துவிட்டார்:

"நான் சாவாததுக்கு இந்த ஆளு மெடலு வாங்கப் போறாராம் நர்சம்மா, இன்னான்னு நீங்களே கேளுங்க!"

சாகாதவர்களை எந்த டிவியும் எண்ணிச் சொல்வதில்லை என்பதால், அந்த வேலையையும் அதே சம்பளத்துக்கு இப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.