இதயத்துக்கு ஒரு ரேடியோ

பெயரில்லாத படிப்பைப் படித்தவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்: மருத்துவக் கருவி செய்யும் பொறியியலுக்கு அந்த நாளில் வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது, கிறுக்கு மட்டும் இருந்தால் போதும்.

நடக்க முடியாத பாலம்

கொழும்பில் என்னோடு பொறியியல் படித்தவர்கள் பாலமும் அணையுமாகக் கனவு கண்டார்கள். நானோ ஒரு பழைய பேட்டரி ரேடியோவைப் பிரித்து, அதில் சின்ன மைக் ஒன்றைக் கட்டி, என் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாலை வெயில் ஆய்வுக்கூடத்துத் தரையில் கிடக்கும். யாரோ மெதுவாக நடந்து வருவது போல என் இதயம் ஒலிபெருக்கியில் கேட்கும். அதில் மயங்கி எத்தனையோ நாள் சாப்பாட்டையே விட்டிருக்கிறேன். பக்கத்து மேசை நண்பன் பொறுக்காமல் ஒருநாள் கேட்டான்: "பாலம் கட்டினா நாலு பேர் நடப்பான். இதுல யாரு மச்சான் நடக்கப் போறா?"

அப்பாவின் தீர்ப்பு

விடுமுறைக்கு அந்த ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே எங்கள் ஊர் கொட்டகலைக்கு ரயிலில் வந்தேன். பனிமூட்டத்துக்குள் மலைகள் வருவதும் போவதுமாக இருந்தன. எனக்கு எல்லாமே துடிப்பது போலிருந்தது.

அப்பா எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இஞ்சின் ஓட்டுபவர். டாக்டருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் ஒரு வேலைக்குப் படிக்கிறேன் என்று அரை மணி நேரம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப மருந்து குடுக்கிற டிஸ்பென்சர்னு சொல்லு."

மேசையின் துடிப்பு

அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இதுவும் நேற்றிலிருந்து அசையவில்லை என்று பயந்துபோய் வந்தாள். ஸ்டோரை ஒட்டிய மருந்தறையில் மருத்துவச்சி அம்மா மரக்குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்றார்.

பெட்டியோடு ஓடினேன். மைக்கை வயிற்றில் வைத்ததும் அறை முழுக்கக் கும், கும் என்று கேட்டது. மருத்துவச்சி சிரித்தார், அக்கா அழுதாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மைக்கை எடுத்து மேசையில் வைத்தேன். கும், கும் நிற்கவில்லை. தரை வழியாக வந்த இஞ்சின் அதிர்வைத்தான் அதுவரை கொண்டாடியிருக்கிறோம். அக்கா கண்ணைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்: "தம்பி, மேசை மேல வச்சாலும் அடிக்குதே."

நின்ற இஞ்சின்

ஸ்டோருக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன். ரோலரில் கொழுந்து பாதி அரைபட்டுக் கிடந்தது. நடுவில் நிறுத்தினால் அவர் வேலைக்கே ஆபத்து. அப்பா இஞ்சினை நிறுத்தினார். வேலை நாளில் அப்படியொரு அமைதியை நான் அங்கே கண்டதேயில்லை.

திரும்பி வந்து மைக்கை வைத்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினேன். எங்கோ தூரத்தில், கொழுந்து கிள்ளும் விரல்களைப் போல, விறுவிறுவென்று ஒரு சின்னத் துடிப்பு. மேசையில் வைத்துப் பார்த்தேன், மேசை சும்மா இருந்தது. வயிற்றில் வைத்தேன், மறுபடியும் கேட்டது. அக்கா மூச்சை விட்டாள்: "இதுதான் நம்ம ஆளு. ரொம்ப அவசரக்காரன்."

பட்டம் எனக்குக் கிடைத்தது, ஸ்டோர் மேலதிகாரியான டீமேக்கரின் திட்டு அப்பாவுக்குக் கிடைத்தது, அந்த அவசரக்காரனோ இன்றுவரை என் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.