மிஞ்சிய சால்வை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. இப்படி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரா என்று என் மனைவி கேலி செய்வாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், மாமல்லபுரத்து ஓட்டல் மண்டபத்தில், எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

ஓர் அறிவியல் சங்கத்தின் பாராட்டு விழா அது. நியூட்ரான்களை அளக்கப் புதுமுறை ஒன்றைக் கண்டுபிடித்த பழைய குழுவுக்குப் பொன்னாடை. அந்த முறையை யோசித்தவள் என் மனைவி. இளம் வயதில், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், கருவியையும் அவளே கோத்தாள். கட்டுரை அச்சானபோது மேலே நான்கு ஆண்களின் பெயர்கள். கடைசி வரியில், உதவிக்கு நன்றி என்று இவள்.

அழைப்பிதழ் வந்ததும், "இந்தத் தடவையாவது என் பேரைச் சொல்லுவாங்க" என்றாள். செங்கல்பட்டில் பஸ் ஏறும்முன் மூன்று புடவை மாற்றிவிட்டாள்.

போய் இறங்கியதும் சங்கச் செயலாளர் சிரித்தபடி ஓடிவந்தார். "மேடம், சால்வைத் தட்டு பிடிக்க லேடீஸ் யாரும் வரல. நீங்க கொஞ்சம்..."

பிடித்தாள். அவள் கண்டுபிடித்ததைப் பற்றி அவள் பக்கத்திலேயே நின்று அந்த ஆண்கள் பேசினார்கள். ஒருவர்கூட அவள் பெயரை எடுக்கவில்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வந்தேன், மறுபடி எழுந்தேன். விருந்தினர்களை ஏற்றிவந்த வேன் டிரைவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "இன்னா சார், உக்காரவே மாட்டேன்ற?" என்றார்.

நால்வரில் ஒருவர் வராததால் தட்டில் ஒரு சால்வை மிஞ்சியது. அதை உள்ளே வைத்துவிடும்படி செயலாளர் அவளுக்குச் சைகை காட்டினார். அவ்வளவுதான், என் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று மேடையேறி, அந்தச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினேன்.

கைத்தட்டல், விசில். "அப்டியே தாலியும் கட்டிடு சார்!" என்று டிரைவர் கத்தினார். செயலாளர் மைக்கைப் பிடித்து, "அறுபதாம் கல்யாணம் இங்கேயே முடிஞ்சுது" என்றார். மண்டபமே சிரித்தது. நான் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி கையசைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "என்ன, சந்தோஷம்தானே?" என்று நானே கேட்டேன். அவள் சால்வையை மடித்து என் மடியில் வைத்தாள்.

"மைக்கும் கைக்கெட்டுற தூரத்துலதானே இருந்துச்சு. நான் என்ன கண்டுபிடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்குச் சால்வையைத்தான் எடுக்கத் தோணுச்சா?"